காசிமிரோவின் தாராளக் கை

பதினோரு வருடமாக நான் கல்லாவில் நிற்கிறேன். பியூப்லோ ஊரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கொலோரின் மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில், கண்ணாடித் தடுப்பு முடிகிற இடம் என்னுடையது. விலையைச் சொல்லித் திட்டு வாங்குவதற்கென்றே கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆள் நான். சோறு போடுகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், பீன்ஸ் போடுகிறவருக்கு நன்றி சொல்வார்கள், என்னிடம் வந்ததும் முகம் சுருங்கிவிடும். "பன்னெண்டு டாலர் எம்பதா? போன மாசம் பதினொண்ணுதானே இருந்துச்சு?" என்பார்கள், அந்த மிச்சத்தை நான் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி. சட்டையில் நெல்டா என்று பேர் குத்தியிருப்பதால் பேர் சொல்லியே திட்டுகிற வசதியும் உண்டு.

திட்டுகிறவர்கள் மறுநாளும் வருவார்கள். அதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. இந்தக் கடையில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. அரிசி, பீன்ஸ், கோழி, சோளம், எல்லாவற்றையும் விரலை நீட்டி நீட்டி வாங்குகிறபோது மனிதனுக்கு ராஜா மாதிரி இருக்கும். கடைசியில் அந்தக் கேள்வி வரும்: "குவாக்கமோலேவுக்குத் தனிக்காசு, பரவாயில்லையா?" தட்டில் கொஞ்சம் வெண்ணெய்ப்பழ மசியல், இரண்டு டாலர் தொண்ணூற்றைந்து காசு. பின்னால் பதினைந்து பேர் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? "அட, போடுங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து முறைப்பான். பலகையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை, செல்போனில் ஆர்டர் செய்தால் அதைவிட ஒரு டாலர் கூட. இதையெல்லாம் கண்டுபிடித்தவன் மெத்தப் படித்தவனாகத்தான் இருப்பான். திட்டு மட்டும் எனக்கு.

எங்கள் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாதிக் கோழி, பாதி மாட்டிறைச்சி கேட்பார்கள், இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒன்றேகால் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் வாங்கிவிட்டு ரொட்டி தனியாக இரண்டு கேட்டு, மேசையில் உட்கார்ந்து இரண்டு பரிட்டோ சுற்றிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் வீட்டில் சுட்ட பச்சை மிளகாய்க் குழம்பைச் சின்னப் புட்டியில் கொண்டுவந்து மேலே ஊற்றிக்கொள்வார்கள், ஏனென்றால் எங்கள் கடையின் பச்சைச் சட்னியைப் பியூப்லோக்காரன் எவனும் காரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதையெல்லாம் மிஞ்சிய சூட்சுமம் ஒன்று இருந்தது. காசிமிரோ ஓல்கின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்ப்பது.

கூட்ட நேரத்தில் எங்கள் முன்வரிசையில் இறைச்சி போட இரண்டு பேர் நிற்பார்கள். வருகிறவர்களை ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் காசி. இன்னொருவன் குவெண்டின், நெட்டையன், நல்லவன், வாய் பேசாதவன். காசியின் கை தாராளக் கை என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர். அதனால் தன் முறை குவெண்டினிடம் விழும்போல் இருந்தால் ஆள் சட்டென்று ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்க" என்பார். பின்னால் இருப்பவரும் கணக்குப் போட்டவர்தானே? "ஐயோ, பரவாயில்ல, நீங்களே போங்க" என்பார். வெளியூர்க்காரன் யாராவது பார்த்தால் பியூப்லோ ஜனங்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று மூக்கில் விரலை வைப்பான். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாம் கோழிக்காக.

நானும் அதை நம்பினேன். குவெண்டினின் முகத்துக்கு நேரே, "டேய் கஞ்சப்பயலே, உங்க அப்பன் வீட்டுக் கோழியாடா அது? கொஞ்சம் தாராளமாப் போடேன்" என்று நான்கு வருடம் சொல்லியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

காசிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் கூரை வேய்கிறவனாக இருந்தான். எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை வந்தால் ஊரெல்லாம் அழும், கூரைக்காரன் மட்டும் சிரிப்பான். அப்படி ஒரு நல்ல ஆலங்கட்டி வருடத்தில் ஒரு சர்ச் கூரையிலிருந்து கீழே விழுந்தான். உயிர் தப்பியது, இடது தோள் போய்விட்டது. அதற்கப்புறம் எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி டெல்ஃபீனா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். எங்கள் கண்ணாடியில் 'ஆள் தேவை' ஒட்டியிருந்ததைப் பார்த்தவள் அவள்தான்.

"யோவ் கெழவா, அங்க அரிசில கொத்தமல்லியக் கிள்ளிப் போட்டுட்டு அதுக்கு மெக்சிகோ சாப்பாடுன்னு பேர் வெச்சிருக்கானுங்க. அது மெக்சிகோ சாப்பாடுன்னா நான் போப்பாண்டவர். எங்கம்மா இருந்தா கரண்டியாலேயே மொத்துவா. ஆனா நீ போய்ச் சேந்துடு. நீ இப்பிடியே மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்," என்றாள்.

வந்து சேர்ந்தான். அவனுடைய கடைசி மகளுக்கு நான்தான் ஞானத்தாய், அதனால் என்னைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். முதல் வாரமே என்னிடம் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கொமாத்ரே, முப்பது வருஷமா ஜனங்களோட தலைக்கு மேலயே வேலை பாத்தேன். ஒருத்தரும் நிமிந்து பாத்ததில்ல. இங்க ஒரு நாளைக்கு இருநூறு பேர் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறாங்க! இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறான்!"

அவன் வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். கரண்டியைக் கோழித் தட்டில் விடுவான், எடுத்துக் கிண்ணத்தில் போடுவான். அப்புறம் நிறுத்துவான். நிமிர்ந்து ஆளின் முகத்தைப் பார்ப்பான். "என்னம்மா, டபுள் டியூட்டியா? கண்ணெல்லாம் செவந்திருக்கு," என்பான். அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டும். உடனே கரண்டி மறுபடி போகும், கொஞ்சம் அள்ளும். அதற்கும் மேலே கரண்டி நுனியால் இரண்டு துண்டு கொசுறு. "சீக்கிரம் மூடுங்க, மேனேஜர் பாக்கறதுக்குள்ள ஓடிடுங்க," என்று கண்ணைச் சிமிட்டுவான். வாங்கினவர் ஏதோ திருடிக்கொண்டு போகிற குஷியில் என்னிடம் வருவார். அந்தக் குஷியில் பன்னிரண்டு டாலர் எண்பது பெரிதாகத் தெரியாது. அவனிடம் வாங்கினவர்களிடம் எனக்குத் திட்டு பாதிதான் விழும். சொந்த அனுபவம்.

வெர்லன் டோட்டி என்று ஒருவர். தபாலாபீஸ் குமாஸ்தா. செவ்வாய், வெள்ளி, காலை பதினொன்று பத்துக்குக் கடிகாரம் வைத்த மாதிரி வருவார். ஒல்லி உடம்பு, சிரிக்காத மூஞ்சி. "கோழி பவுல், கறுப்பு பீன்ஸ், சீஸ் வேணாம்." இதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. காசியிடம் போவதற்காக ஏழு பேரைக்கூட முன்னால் விட்டுவிட்டு நிற்பார். மனுஷனுக்குக் கோழி மேல் இவ்வளவு ஆசையா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படி ஆறு வருடம் நன்றாகத்தான் போனது. மார்ச் மாதம் புது மேனேஜர் வந்தான். டேரின், வயது இருபத்தொன்பது, வடக்கே எங்கேயோ இருந்து. பையன் கெட்டவன் இல்லை, ஆனால் கையில் எப்போதும் ஒரு பலகைக் கணினி. அதைப் பார்த்துத்தான் இன்று வெயிலா மழையா என்று சொல்வான்.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறக்குமுன் எல்லோரையும் நிற்கவைத்தான்.

"நம்ம கடைல கோழி வாரா வாரம் பதினோரு சதவீதம் கூடச் செலவாகுது. ஒரு பவுலுக்கு நாலு அவுன்ஸ். அதுதான் ரூல். யாரோ அதிகமாப் போடறீங்க. யாருன்னு நான் சொல்ல விரும்பல..."

எல்லோரும் காசியைப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன், பாவி.

காசி ஒரு அடி முன்னால் வந்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் அதோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது, நான் பார்த்தேன்.

"நான்தான் தம்பி. என் கை அப்பிடி. மூஞ்சியப் பாத்துட்டா எனக்குக் கை நிக்காது. மன்னிச்சிடுங்க."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, காசிமிரோ," என்றான் டேரின். அவனுக்கும் சங்கடம்தான். "உங்கள வேலைய விட்டு அனுப்பல. ஆனா திங்கக்கிழமைலேர்ந்து நீங்க பின்வரிசைக்குப் போயிடுங்க."

பின்வரிசை என்றால் என்ன என்று கடையில் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். சமையலறைக்குள்ளே, சுவரைப் பார்த்து ஒரு நீள மேசை. செல்போனில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு அங்கேதான் கட்டுவார்கள். பெட்டியிலிருந்து கிர்ரென்று ஒரு சீட்டு வரும், அதில் இருக்கிறபடி நிரப்பி, மூடி, ஒட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். முகம் கிடையாது, குரல் கிடையாது. எதிரே வெள்ளை ஓடு பதித்த சுவர். காசி அந்தச் சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். எட்டு மாதம் கூரையைப் பார்த்தவனுக்கு இப்போது சுவர்.

"எவ்வளவு நாளுக்கு, தம்பி?" என்று கேட்டான்.

"நம்பர் எறங்கற வரைக்கும். எறங்கலன்னா அங்கேயேதான்."

முன்வரிசையில் காசியின் இடத்தில் டேரினே நின்றான். நான்கு அவுன்ஸ் எப்படிப் போடுவது என்று எங்களுக்குக் காட்டப் போகிறானாம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்த இடத்தில் நின்று கரண்டி பிடித்தவனுக்குத்தான் அந்தப் பார்வை தெரியும். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் ஓடிக் களைத்தவள் கிண்ணத்தையே பார்ப்பாள். கரண்டி வரும்போது பார்ப்பாள், போகும்போது பார்ப்பாள், அப்புறம் ஒன்றும் பேசாமல் உன் முகத்தைப் பார்ப்பாள்.

முதல் நாள் முதல் ஆளே எலும்பு முறிவுப் பிரிவு நர்ஸ், பெரிய உடம்பு.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"நாலு அவுன்ஸ்தாங்க மேடம் கணக்கு..."

"காசி எங்க?"

"அவரு உள்ள இருக்காரு."

"காசி இன்னும் போடுவாரு." பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் பதினாறு பேரும் பார்த்தார்கள். டேரினின் காது சிவந்தது. ஒரு முழுக் கரண்டி அள்ளிப் போட்டான். அன்றைக்கு அதற்கப்புறம் அவன் கை இறங்கவே இல்லை. அவ்வளவு வாங்கியும் என்னிடம் வந்தவர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கேட்டு வாங்கினது யாருக்கு இனிக்கும்?

செவ்வாய்க்கிழமை டோட்டி வந்தார். காசி இல்லை என்று பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. டேரினிடம் வாங்கிக்கொண்டு வந்து, கிண்ணத்தைக் கையில் இப்படியும் அப்படியும் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு அவுன்ஸ் கூட இருக்கு," என்றார், ஏதோ ஈ விழுந்துவிட்ட மாதிரி.

"நல்லதுதானே சார்!" என்றேன். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போனார். கூடக் கொடுத்தாலும் குறை சொல்கிற மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே காசி சத்தமே இல்லாமல் இருந்தான். காய் நறுக்கும்போதுகூட விசிலடிப்பவன், உதட்டை ஒட்டிவைத்தது போல நின்றான். நான் பாத்திரம் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு சீட்டைக் காட்டுவான்.

"கொமாத்ரே, இந்த ஷாண்டல்னு ஒரு பொண்ணு, சோளம் மூணு தடவ கேட்டிருக்கு. வந்து எடுத்துட்டுப் போச்சா? எப்பிடி இருக்கும்?"

"சின்னப் பொண்ணு. முடி நீலக் கலர்."

"சிரிச்சுதா?"

"எங்கய்யா சிரிக்கறது? செல்போனப் பாத்துட்டே வந்துது, பையத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். புதன்கிழமை டெல்ஃபீனா சலவைச் சீருடையோடு ரோட்டைத் தாண்டி வந்து கல்லாவில் கையை ஊன்றினாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கீங்க என் கெழவன? ஆறு வருஷமா வீட்டுக்கு வந்தா வாயே மூடாது. இன்னிக்கு எந்த நர்சுக்குப் பல்வலி, எந்த டாக்டருக்குக் கல்யாணம், எல்லாம் சொல்லுவான். தலைவலியா இருக்கும். இப்ப மூணு நாளா ஒரு வார்த்த இல்ல. அந்தத் தலைவலியத் திருப்பிக் குடுங்கடி!"

"நாங்க என்ன பண்றது? அவனே ஒத்துக்கிட்டானே."

"ஒத்துக்குவான், ஒத்துக்குவான். கூரைலேர்ந்து விழுந்தப்பக்கூட சர்ச்சுக்காரங்கிட்ட மன்னிப்புக் கேட்டவன்தானே."

அடுத்த புதன்கிழமை நம்பர் வந்தது. கோழிச் செலவு இறங்கவில்லை. பதினாறு சதவீதமாகக் கூடியிருந்தது. டேரின் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே டென்வரிலிருந்து வட்டார அதிகாரி வனெட்டா ப்ளெட்சோ வந்து இறங்கினாள். உயரமான, நிதானமான பொம்பளை, தோள்பையில் ஒரு தராசு.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் எல்லோரையும் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் ஐந்து கிண்ணத்துக்குக் கோழி போட வேண்டும், அவள் நிறுப்பாள். முதலில் குவெண்டின். நான் மனசுக்குள் மூன்று அவுன்ஸ் என்று பந்தயம் கட்டினேன்.

ஐந்தரை. ஐந்தே முக்கால். ஐந்தரை. ஆறு. ஆறு.

என் வாய் திறந்தது மூடவில்லை. "டேய், என்னடா இது!" என்றேன்.

குவெண்டின் முதன்முறையாக வாயைத் திறந்தான். "நான் என்னக்கா பண்றது? எல்லாரும் வந்து 'காசி போடற மாதிரி போடு'ங்கறாங்க. நான் போடப் போட, 'இன்னும் காசி மாதிரி இல்ல'ங்கறாங்க. நீங்க வேற கஞ்சன் கஞ்சன்னு சொல்றீங்க. அவரு எவ்வளவு போடறாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அடுத்து டேரின். அவன் முதல் கிண்ணமே ஆறேகால். தராசையும் அதிகாரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கரண்டியை அவனே கீழே வைத்தான்.

பின்னாலிருந்து காசியைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான், தூக்குமேடைக்கு வருகிறவன் போல. கரண்டியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"எதிர்ல யாராவது நிக்கணும்மா," என்றான். "மூஞ்சி இல்லாம எனக்கு வராது."

நான் போய் நின்றேன். கரண்டி உள்ளே போனது, வந்தது. நிறுத்தினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அழுதுவிடுவேன் போல இருந்திருக்க வேண்டும். "என்ன கொமாத்ரே, நீயே இப்பிடி நின்னா எப்பிடி?" என்றான். கரண்டி மறுபடி போனது. மேலே இரண்டு துண்டு.

நான்கு அவுன்ஸ்.

வனெட்டா தராசைத் தட்டிப் பார்த்தாள். அடுத்தது நான்கு. அடுத்தது நான்கு. அப்புறம் மூன்றே முக்கால். மறுபடி நான்கு. முதலில் போடுவது மூன்றுக்குக் கீழே. அந்தப் பார்வைக்கு அப்புறம் வருவதும் கொசுறும் சேர்ந்தால்தான் நான்கு. எங்கள் கடையில் கம்பெனி கேட்ட அளவை ஆறு வருடமாகப் போட்டுவந்த ஒரே ஆள் காசிதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சும்மாவா?

"மிஸ்டர் ஓல்கின்," என்றாள் வனெட்டா, "நீங்க நாளைக்குக் காலைலயே முன்வரிசைக்கு வந்துடுங்க. உங்கள அங்கேர்ந்து யாரும் நகத்தக் கூடாது."

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். குவெண்டின் விசிலடித்தான். காசி மட்டும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ," என்றான் மெதுவாக, "நான் யாருக்கும் எதுவும் கூடப் போட்டதே இல்லையா?"

வனெட்டா தராசைப் பையில் எடுத்து வைத்தாள்.

"எனக்கு முன்வரிசை வேணாம்மா. நான் உள்ளேயே இருந்துக்கறேன்." கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! பின்னாலேயே போனேன்.

"உனக்கென்ன கிறுக்கா? எந்த இடத்துக்காக ரெண்டு வாரமா செத்துட்டிருந்தியோ அதத் தட்டுல வெச்சுக் குடுக்கறா, வேணாங்கற!"

"நான் அவங்கள ஏமாத்தியிருக்கேன், கொமாத்ரே."

"என்ன ஏமாத்துன? நாலு அவுன்ஸுக்குக் காசு வாங்கறோம், நாலு அவுன்ஸ் போட்டிருக்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க? கம்பெனிதான்யா ஏமாத்துது, குவாக்கமோலே விலையப் போய்ப் பாரு!"

அவன் சிரிக்கவில்லை. சீட்டு ஒன்று கிர்ரென்று வந்தது, அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"கூடக் கெடைக்குதுன்னு நெனச்சுத்தானே சிரிச்சாங்க? நானும் குடுக்கறோம்னு நெனச்சுத்தான் சிரிச்சேன். எனக்கு வேற என்ன இருக்கு குடுக்கறதுக்கு? தோள் போச்சு. வீட்டுல டெல்ஃபீனா சம்பளம்தான் பெருசு. இந்த ஒரு எடத்துல நான் குடுக்கறவன்னு இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க மூஞ்சியப் பாக்கறது?"

நான் கல்லாவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொன்று பத்துக்கு டோட்டி வந்தார். குவெண்டினையும் டேரினையும் பார்த்தார். வரிசையை விட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அந்த ஆள் எங்க?"

ஆறு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் உள்ளே போய்க் காசியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "நீ ஏமாத்துனேன்னு சொல்ற ஆள் வந்திருக்கார். வா, வந்து அவர் மூஞ்சிக்கு நேரா நீயே சொல்லு."

காசி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வரிசையில் இருபது பேர்.

"மிஸ்டர் டோட்டி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உங்களுக்குக் கூடப் போடறேன்னு நீங்க இத்தன வருஷமா எங்கிட்ட நின்னீங்க. நேத்து நிறுத்துப் பாத்தாங்க. எல்லாருக்கும் போடற நாலு அவுன்ஸ்தான் உங்களுக்கும் போட்டிருக்கேன். ஒரு துண்டு அதிகமாப் போட்டதில்ல. மன்னிச்சிடுங்க."

டோட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"மொத வருஷமே தபாலாபீசுக்குக் கொண்டுபோய் பார்சல் தராசுல வெச்சுட்டேன். எனக்கு எதைப் பாத்தாலும் நிறுக்கணும், பழக்கம். அஞ்சு தடவ நிறுத்தேன், உங்களது எப்பவும் ஒரே எடை. பக்கத்துல இருக்காரே அந்த நெட்டைத் தம்பி, அவர் வந்தப்பறம் அவர் போட்டதையும் நிறுத்தேன், ஒண்ணரை அவுன்ஸ் கூட."

வரிசையில் எல்லோர் தலையும் குவெண்டின் பக்கம் திரும்பியது. நான் காசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் ஏன் சார் அவர்கிட்டப் போகாம, ஏழு பேர முன்னாடி விட்டுட்டு எங்கிட்டயே நின்னீங்க?"

டோட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த மனுஷன் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

"முப்பத்தோரு வருஷமா நானும் ஜனங்களுக்கு நிறுத்துச் சொல்றேன். இருக்கறது எத்தன அவுன்ஸோ அத்தனதான் சொல்றேன். ஒருத்தராவது சிரிச்சுட்டுப் போயிருக்கணுமே? இல்ல. நீங்களும் சரியாத்தான் நிறுக்கறீங்க, உங்ககிட்ட வந்தவங்க எல்லாரும் சிரிச்சுட்டுப் போறாங்க. கோழிக்குன்னா நெட்டைத் தம்பிகிட்டதானே சிரிக்கணும்? நீங்க நடுவுல நிறுத்திட்டு நிமிந்து பாக்கறீங்களே, அது அங்க கெடைக்காது. அத எந்தத் தராசுல வெக்கறதுன்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் தயங்கினார். "நானே கதவு வரைக்கும் சிரிச்சுட்டுப் போறேன்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. எனக்குப் பசிக்குது. பவுல் போடறீங்களா?"

காசி தொப்பியை மாட்டிக்கொண்டான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான், வெங்காயத் தட்டு அங்கே இல்லை. கரண்டியை விட்டான், போட்டான், நிறுத்தினான். நிமிர்ந்து டோட்டியைப் பார்த்தான். டோட்டியும் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. எலும்பு முறிவுப் பிரிவு நர்ஸ், "எங்களுக்கும் பாருய்யா, பசிக்குது!" என்று கத்தினாள்.

அப்புறம் காசி ஒரு காரியம் செய்தான். மேலே வைக்க வேண்டிய இரண்டு துண்டையும் வைத்துவிட்டு, கரண்டியை மறுபடி ஆழமாக விட்டு, முட்ட முட்ட ஒன்று அள்ளி, எல்லோரும் பார்க்க, டேரின் பார்க்க, கிண்ணத்தில் கொட்டினான்.

"கொமாத்ரே! டபுள் கோழின்னு அடி. காசு என்னோடது. ஆறு வருஷத்துக் கொசுறு!"

"அப்படியே குவாக்கமோலேவும் போடு," என்றேன். "அது என்னோடது. தனிக்காசு, பரவாயில்ல!"

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு டோட்டி வந்தபோது போன தடவை வாங்கிப்போன கிண்ணத்தின் மூடியைக் கழுவி எடுத்து வந்திருந்தார். அதன் மேல் தபாலாபீஸ் எடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கிண்ணம் மொத்தமும் ஒரு பவுண்டு பதினைந்து அவுன்ஸ், வெள்ளிக்கிழமை தேதி போட்டு. "இதுதான் உங்க ரெக்கார்டு," என்று சொல்லிக் கொடுத்தார். காசி அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். டெல்ஃபீனா அதைப் படித்துவிட்டு, "கொத்தமல்லிச் சோத்துக்கு சர்டிபிகேட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். ஆனால் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினதும் அவள்தான். தலைவலி திரும்பி வந்துவிட்டது என்று என்னிடம் புகார் வேறு.

குவெண்டினிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்க்கா," என்றான். அவன் கை இப்போது நான்குக்கு இறங்கிவிட்டது, கேட்டால், "காசியும் இதேதான் போடறாரு," என்று நிமிர்ந்து சொல்கிறான். கோழி நம்பர் இறங்கியது. விலை மட்டும் ஜூனில் மறுபடி ஏறியது, எனக்குத் திட்டும் ஏறியது.

உண்மை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்று மதியம் ஒரு டாக்டர் தன் முறை குவெண்டினிடம் விழப்போவதைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினார்.

"நீங்க முன்னாடி போங்க," என்றார்.

"ஐயோ, பரவாயில்ல டாக்டர், நீங்களே போங்க," என்றாள் பின்னால் நின்றவள்.